விடுதி உள்ள கல்லூரியில் தண்ணீரைச் சமாளிப்பது எப்படி: பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வருபவருக்கு

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கட்டடம், கரண்ட், தண்ணீர் மூன்றும் எங்கள் பொறுப்பு. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தால் அது தண்ணீருக்காகத்தான். "மேடம், மூணாவது மாடியில தண்ணி வரலை" என்று வார்டன் சொல்வார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தபோது இந்தச் சாலையில் ஐடி கம்பெனிகளே ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. விடுதி மாணவர்களை அப்படி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. லாரிக்குக் காத்திருந்தோம்.

அதற்குப் பிறகு எல்லா நிர்வாகத்துக்கும் மறுசுழற்சி மேல் ஆசை வந்தது. ஆசை வந்ததும் முதலில் கொட்டேஷன் வாங்குவார்கள். என்னைக் கேட்டால் மெஷின் வாங்குவது கடைசி வேலை. எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மெஷின் வந்த பிறகு அதைக் கல்லூரியின் காலண்டரோடு சேர்த்து ஓட்டத் தெரிய வேண்டும். இரண்டையும் கம்பெனிக்காரர் சொல்லித் தரமாட்டார்.

முதலில் கணக்கு

விடுதியில் தங்குபவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், பகலில் மட்டும் வந்து போகிறவருக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. விடுதியில் 1,200 பேர், வந்து போகிறவர்கள் 2,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,62,000 கூட்டல் 90,000, ஆக 2,52,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 21 லோடு. இது புத்தகக் கணக்கு. உங்கள் வளாகத்தில் இதைவிட மிக அதிகமாகச் செலவானால் மாணவர்களைத் திட்டுவதற்கு முன் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகும் லைனில் ஒரு மீட்டர் போடுவது நல்லது. போர் தண்ணீரில் மணல் வருமென்றால் மீட்டருக்கு முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம், இல்லாவிட்டால் சீக்கிரமே முள் நின்றுவிடும். மீட்டருக்குப் பணம் கிடைக்கும்வரை டேப் போதும். மேல்நிலைத் தொட்டியின் உள் அளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால், நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 200 லிட்டர் போயிருக்கிறது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ விடுதி காலியாகும் அல்லவா, அந்த நாட்களில் இதைச் செய்யுங்கள். சாதாரண நாளில் ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள், கணக்கு நிற்காது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டியில் மட்டத்தைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 5 செ.மீ. இறங்கியிருந்தால் 1,000 லிட்டர். அதாவது ஆளே இல்லாத விடுதி ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் குடிக்கிறது, முழுசாக ஒரு லாரி.

கீழே உள்ள சம்ப்பையும் இதே போலத் தனியாகப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடாதபோதும் சம்ப்பில் மட்டம் இறங்கினால் சுவரில் விரிசல், அல்லது யாரோ சத்தமில்லாமல் வேறு லைன் எடுத்திருக்கிறார்கள்.

மேல் தொட்டியிலிருந்து போன தண்ணீர் பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க் வழியாகத்தான் போயிருக்கும். குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும், யாராவது புகார் சொல்வார்கள். ஃபிளஷ் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து ஒழுகினால் பீங்கானின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு வழியும், கண்ணுக்கே தெரியாது. மெஸ்ஸில் இருந்து கேசரி பவுடர் வாங்கி வந்து ஒவ்வொரு டேங்கிலும் ஒரு சிட்டிகை போடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது. பேசினில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் அந்த ரப்பரை மாற்றுங்கள். ஒரு மாடிக்கு ஒரு காலைப்பொழுது பிடிக்கும் வேலை. இதைவிட மலிவான நீர் சேமிப்புத் திட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இன்னொன்று, அழுத்தம். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் உயரம் 10 மீட்டர் கூடினால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ கூடுகிறது. அதனால் ஐந்து மாடி விடுதியில் மேல் மாடியில் ஷவர் சொட்டும், தரைத்தளத்தில் பீச்சியடிக்கும். கீழ் இரண்டு மாடிகளில் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடி வையுங்கள். பக்கெட்டை வைத்து போனில் நேரம் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். குழாய் நுனியில் மாட்டும் ஏரேட்டரும் நல்ல சாமான்தான், ஆனால் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சில மாதத்திலேயே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஊறவைக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தண்ணீரைக் கலக்காமல் வைப்பது

வளாகத்தில் எல்லாத் தண்ணீரும் ஒரே சாக்கடையில் சேர்ந்த பிறகு சுத்தம் செய்வது செலவு. சேர்வதற்கு முன்னாலேயே பிரித்து எடுக்கக் கூடியவை சில இருக்கின்றன.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட காய்ச்சி வடித்தது போலத்தான், உப்பே இருக்காது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் லேப் வரிசைக்குப் பின்னால் ஒரு டிரம் வைத்தால் நன்றாகவே சேரும். தரை துடைக்கலாம், செடிக்கு விடலாம். காயிலைத் தொட்டு வருவதால் குடிக்கக் கூடாது. டிரம்முக்கு வலைத்துணி கட்டாமல் விட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும், அந்தக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும்.

குடிநீர் ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். அது சுத்தமாகத் தெரியும், ஆனால் உப்பு முழுவதும் அதில்தான். தோட்டக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். தினமும் ஒரே பாத்தியில் விட்டால் மண் உப்பேறி வெளுத்துவிடும், கொடுக்காதீர்கள். தரை கழுவவும் கழிவறை ஃபிளஷ் டேங்குக்கும் அது போதும்.

வேதியியல் லேப்பை மறக்காதீர்கள். காய்ச்சி வடிக்கும் கண்ணாடி யூனிட் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு லிட்டர் வடிநீருக்குப் பத்து லிட்டருக்கு மேல் குளிர்விக்கும் தண்ணீர் அந்த ரப்பர் டியூப் வழியாக நேராக சிங்க்குக்குப் போகும். எதிலும் படாத நல்ல தண்ணீர் அது. ஒரு பெரிய டப்பும் மீன்தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன பம்ப்பும் வைத்தால் அதையே சுற்றவிடலாம். சூடேறினால் டப் தண்ணீரை மாற்றிக்கொள்ளலாம். லேப் அசிஸ்டென்டிடம் முதலில் பேசுங்கள், அப்புறம் துறைத் தலைவரிடம். வரிசை மாறினால் வேலை நடக்காது.

குளியலறைத் தண்ணீருக்குத் தனி லைன் இருக்கும் சின்ன விடுதியாக இருந்தால் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், இல்லாமலேயே சமாளிக்கலாம். ஜல்லி நிரப்பிய, அடியில் தண்ணீர் இறங்காத பாத்தியில் கல்வாழையும் நாணலும் வைத்து, ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுக்கும் முறை. தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியவே கூடாது, தெரிந்தால் கொசு. அதற்கு முன்னால் தலைமுடியும் சோப்புக்கட்டியும் தங்க ஒரு வலைத்தொட்டி வேண்டும், அதை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். மெஸ் தண்ணீரை மட்டும் இதில் விடாதீர்கள். சாம்பார், பொரியல் எண்ணெய் ஜல்லியின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். மெஸ்ஸுக்கு எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டி (கிரீஸ் டிராப்) தனியாக வேண்டும், மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் வழித்தெடுக்கும் ஆள் யார் என்று மெஸ் கான்ட்ராக்டிலேயே எழுதிவிடுங்கள்.

எஸ்டிபியை உயிரோடு வைத்திருப்பது

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியா. ப்ளோயர் அதற்குக் காற்று கொடுக்கிறது, நம்முடைய கழிவு அதற்குச் சாப்பாடு. கம்ப்யூட்டர் பேனல், பளபள பெயின்ட் எல்லாம் இருந்தும் பாக்டீரியா செத்துப்போனால் உள்ளே போன சாக்கடை அப்படியே வெளியே வரும்.

அது நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் அளவுக் குடுவை போதும். ப்ளோயர் காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு, அசையாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். எங்கள் ஆபரேட்டர் அண்ணா இதைக் காலை டீக்கு முன்னால் வைத்துவிட்டு, டீ குடித்து வந்து பார்ப்பார். நல்ல நிலையில் இருந்தால் பழுப்புச் சேறு (பாக்டீரியாக் கூட்டம்தான் அது) கட்டியாகச் சேர்ந்து 250 முதல் 350 மில்லி வரையில் அடியில் நிற்கும், மேலே இருக்கும் தண்ணீர் வழியாகக் கைரேகை தெரியும். 100க்குக் கீழே என்றால் பாக்டீரியா போதவில்லை. 500, 600 என்று நின்றால் சேறு அதிகம், அல்லது அது அமுங்கவில்லை. அப்போது கொஞ்சம் சேற்றை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மூக்கும் கண்ணும். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, முதலில் ப்ளோயர் பெல்ட்டைப் பாருங்கள். வெள்ளை நுரை பொங்கினால் சோப்பு அதிகம் அல்லது சேறு இன்னும் இளசு. எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பு நுரை தடித்து நின்றால் சேறு கிழடுதட்டிவிட்டது.

எங்களுக்கு ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடுவைத் தண்ணீர் கலங்கும். கம்பெனி ஆள் வந்து என்னென்னவோ மாற்றிப் பார்த்தார். அண்ணாதான், "மேடம், சனிக்கிழமை பாத்ரூம் கழுவுறாங்கல்ல, ஆசிட்டுங்க" என்றார். எல்லா மாடியிலும் ஒரே நாளில் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் கொட்டிக் கழுவுகிறார்கள், அது அத்தனையும் சேர்ந்து இறங்கினால் பாக்டீரியா என்ன செய்யும்? இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாடி. ஆசிட்டுக்குப் பதில் சோப்பு எண்ணெயும் பிரஷ்ஷும். கறை விடாப்பிடியாக இருக்கும் இடத்துக்கு மட்டும் நீர்த்த ஆசிட். துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்களுக்குக் கை எரிச்சலும் குறைந்தது.

வளாகத்துக்கே உரிய சிக்கல் விடுமுறை. வீட்டுக் குடியிருப்பில் வருஷம் முழுவதும் ஆள் இருப்பார்கள். கல்லூரியில் மே மாதம் விடுதி காலி, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடையாது. ப்ளோயர் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் அவை ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். ப்ளோயரை ஒரேயடியாக நிறுத்தினாலும் மூச்சுமுட்டிச் சாகும். ஜூனில் ஆயிரம் பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்குவார்கள், அன்று சாயங்காலம் தொட்டியில் வேலை செய்ய எதுவும் இருக்காது. அதனால் விடுமுறையில் ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் நிற்கட்டும். ஆபரேட்டரின் மூக்குக்கு ஏற்றபடி இதைக் கூட்டிக் குறைக்கலாம். கழிவு முதலில் வந்து சேரும் சமன் செய்யும் தொட்டியில் இருப்பதை ஒரே நாளில் தீர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெல்லக் கரைசல் தினமும் கொஞ்சம் ஊற்றலாம். விடுதி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது சாணத்தைக் கரைத்து, வைக்கோல் துணுக்கு போகாமல் துணியில் வடிகட்டி விடத் தொடங்குங்கள். இதற்கான செலவை ஏப்ரலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். மே மாதம் கணக்குப்பிரிவில் யாரிடம் போய் 'வெல்லம்' என்று கையெழுத்து கேட்பீர்கள்?

பெண்கள் விடுதியைப் பற்றி ஆண் சூப்பர்வைசர்கள் பேசத் தயங்குவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். கழிவு எஸ்டிபிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் முதல் வலையில் அடைப்பது பெரும்பாலும் நாப்கின். ஒவ்வொரு கழிவறைக்குள்ளும் மூடியுள்ள கூடை வையுங்கள். வெளியே வராந்தாவில் வைத்தால் யாரும் கையில் எடுத்துக்கொண்டு நடக்கமாட்டார்கள். நோட்டீஸ் ஒட்டி அறிவுரை சொல்வதைவிடக் கூடையின் இடம்தான் வேலை செய்கிறது.

இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள்: தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான் மேடம்" என்பார்கள். விஷவாயுவுக்கு ஐந்து நிமிஷம் தேவையில்லை, முதலில் போனவரைத் தூக்கப் போனவரும் விழுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது குற்றம், சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். லாரி வரும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், மாணவர்கள் கத்தட்டும்.

இரண்டாவது பைப்

சுத்திகரித்த தண்ணீரைச் செடிக்கு விடுவது சுலபம், ஆனால் மழைக்காலத்தில் செடி வாங்காது. வருஷம் முழுவதும் வாங்குவது கழிவறை. 135 லிட்டரில் 45 லிட்டர் ஃபிளஷ்ஷுக்கு என்று கணக்கு. 1,200 பேருக்கு 54,000 லிட்டர், நாலரை லாரி. அவ்வளவு நல்ல தண்ணீர் மிச்சமாகும் இடம் வேறில்லை.

அதற்கு மொட்டை மாடியில் தனித் தொட்டி, தனி லைன் வேண்டும். புது விடுதி கட்டும்போது வரைபடத்திலேயே போட்டுவிட்டால் செலவு கொஞ்சம், பிறகு சுவரை உடைத்துப் போடுவது பெருஞ்செலவு. எந்தக் கட்டடமாக இருந்தாலும் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: இரண்டு லைனும் எங்காவது கலந்துவிடுவது. என்றைக்காவது ஒரு பிளம்பர் அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் பைப்பிலிருந்து வாஷ்பேசினுக்கு இணைப்பு கொடுப்பார். மறுபயன்பாட்டு லைனுக்கு வேறு நிறம் அடியுங்கள். அதோடு பைப் அளவையும் மாற்றிவிடுங்கள், நல்ல தண்ணீர் லைனின் பிட்டிங் அதில் பொருந்தவே கூடாது. பெயின்ட்டைப் பார்க்காதவரும் பொருந்தாத பிட்டிங்கைப் பார்த்தால் நிற்பார். ஒவ்வொரு விடுமுறை முடிவிலும், விடுதி திறக்கும் முன், அந்தத் தொட்டியில் சாயத்தைக் கலந்து எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். ஃபிளஷ்ஷில் மட்டும்தான் நிறம் வர வேண்டும். பார்த்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

மணல் வடிகட்டி, கரி வடிகட்டி இரண்டையும் தாண்டி, குளோரின் போட்ட பிறகே மேலே ஏற்றுங்கள். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன் வைத்தால் மஞ்சள் தெரியக் கூடாது. லேசாகத் தெரிந்தாலும் மாணவர்கள் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு உங்கள் லேப் ரிப்போர்ட்டை யாரும் படிக்கமாட்டார்கள். அருவருப்பாக இருக்கிறது என்று வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஒவ்வொன்றிலும் தினம் நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்களைக் கட்டியிருக்கிறது. நாம் கேட்பது கழிவறைக்கு மட்டும்.

தோட்டத்துக்கு விடும்போது தெளிப்பான் வேண்டாம், துளிகள் காற்றில் பறந்து ஆள் மேல் படும். சொட்டு நீர்ப் பாசனமோ, வாய்க்காலோ போதும். மரத்துக்கும் புல்லுக்கும் விடலாம், பச்சையாகத் தின்னும் காய்க்கும் கீரைக்கும் வேண்டாம். மறுபயன்பாட்டுத் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றிலோ மழைநீர்க் குழியிலோ விடாதீர்கள்.

மழை

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. கிடைக்கிறது. 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் வீணாகிறதைக் கழித்து எண்பது சதவீதம் பிடித்தாலும் 11 லட்சம் லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் பாதிக்கு மேல் ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிச் சில பேய்மழைகளில் கொட்டிவிடும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்த ஒரு மாடியிலிருந்தே 80,000 லிட்டர் வரும். அவ்வளவையும் பிடிக்கத் தொட்டி கட்டினால் வருஷத்தில் பாதி அது காலியாகக் கிடக்கும். சம்ப்பில் பிடிக்கிற அளவு பிடித்துவிட்டு மீதியைப் பழைய திறந்த கிணற்றுக்கு அனுப்புங்கள். கிணறு இருந்தும் அதை மூடி மேலே சைக்கிள் ஸ்டாண்ட் போட்ட வளாகங்கள் இருக்கின்றன, முதலில் அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது அவசரத்தில் போட்ட குழிகளில் பல இன்று சேறு மூடிக் கிடக்கின்றன. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தேங்கி நின்றால் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, புறா எச்சத்தைச் சுரண்டி, குழாய் வாயில் வலை மாட்டிவிடுங்கள். முதல் மழையை வெளியே விடத் தனி வால்வு வைத்து, அதை மூடும் பொறுப்பை இரவு வாட்ச்மேனுக்குக் கொடுங்கள். மழை வரும்போது அங்கே இருப்பவர் அவர்தான்.

ரெஜிஸ்டர்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்காக ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், அதில் தினமும் ஒரே எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அது தவிர உங்களுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள்: காலை மீட்டர் எண், குடுவையில் சேறு எத்தனை மில்லி, லாரி எத்தனை, விடுதியில் எத்தனை பேர். நான்கு கட்டம் போதும், ஐந்தாவது கட்டம் போட்டால் யாரும் நிரப்பமாட்டார்கள். ஆள் எண்ணிக்கையை மெஸ் டோக்கனிலிருந்து எடுங்கள், வார்டன் சொல்வதைவிட அது சரியாக இருக்கும். ரப்பர் வாங்கவும் மீட்டர் வாங்கவும் தாளாளர் அறைக்குப் போகும்போது இந்த நோட்டையும் முந்தின கோடையின் லாரி பில் கட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பில்லை முதலில் வையுங்கள்.